சேரி மண்ணில் கடப்பாரை இறங்கும்போது பக்கத்தில் யார் நிற்கிறார்கள்?

1930 டிசம்பரில் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் கூடி ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். தங்கம், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி கட்டக் கூடாது, சட்டை பனியன் கூடாது. பெண்கள் மேலாடை அணியக் கூடாது, பூ வைக்கக் கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச்.ஹட்டன் இவற்றை வரிசையாகப் பதிவு செய்திருக்கிறார். நம் கூட்டங்களில் பலமுறை வாசிக்கப்பட்ட பட்டியல்தான். ஆனால் அதில் ஒரு தடையை நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம்: வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. அடுத்த ஆண்டு ஜூனில் தடைகள் பதினொன்றாக வளர்ந்தன. பெண்கள் மண்குடத்தில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும், செம்புக்குடமும் பித்தளைக்குடமும் கூடாது. சும்மாடு வைக்கோலால்தான் இருக்க வேண்டும், துணியால் கூடாது.

இந்தத் தடையை ஒரு தொல்லியலாளரின் கண்ணோடு படித்துப் பாருங்கள். ஒரு குடியிருப்பு அழிந்து முந்நூறு ஆண்டுகள் கழித்து அங்கே குழி தோண்டினால் என்ன கிடைக்கும்? ஊர்த்தெருவில் செங்கல் சுவர் கிடைக்கும், செம்புக்காசு கிடைக்கும், வெண்கலச் சிமிழ் கிடைக்கும். சேரியில் பானை ஓடு கிடைக்கும். கூரை மட்கிப்போயிருக்கும், வைக்கோல் சும்மாடு மட்கிப்போயிருக்கும், மண்சுவர் மண்ணோடு மண்ணாகியிருக்கும். தோண்டுகிறவர் எட்டிப் பார்த்துவிட்டு “ஒண்ணுமில்ல, வெறும் ஓட்டாஞ்சில்லு” என்பார். அந்த ‘ஒண்ணுமில்ல’ இயற்கையாக வந்ததல்ல. எதை வைத்துக்கொள்ளலாம், எதை வைத்துக்கொள்ளக் கூடாது என்று சாதி போட்ட சட்டம் பூமிக்கு அடியிலும் அப்படியே படிந்து கிடக்கிறது.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கிராமங்கள் இவ்வளவு வேகமாக, இவ்வளவு சிறு சிறு குழிகளாக, இதற்கு முன்பு தோண்டப்பட்டதில்லை. தூய்மை இந்தியா திட்டத்தில் 12,000 ரூபாய் கொடுத்து வீட்டுக்கு வீடு கழிப்பறைக் குழி. ஜல் ஜீவன் திட்டத்தில் தெருத்தெருவாகக் குழாய்ப் பள்ளம். நூறு நாள் வேலையில் குளம் தூர்வாரல். கலைஞர் கனவு இல்லம் திட்டத்தின் இலக்கு 2030க்குள் 8 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்றுவது. முதல் கட்டமாக 2024-25இல் 1 லட்சம் வீடு, வீடு ஒன்றுக்கு 3.5 லட்சம் ரூபாய். குடிசைகளில் எத்தனை நம்முடையவை என்று சொல்லத் தேவையில்லை. மண்வீடு இருந்த அதே இடத்தில், அதே மண்ணைக் கிழித்துத்தான் புதிய அஸ்திவாரம் இறங்கும். அந்த வீடுகள் வர வேண்டும். எப்போதோ வந்திருக்க வேண்டும். அதில் நமக்கு இரண்டு கருத்தே இல்லை. நாம் கேட்பது வேறு: மண் திறந்து கிடக்கும் அந்த இரண்டு நாட்களில் பக்கத்தில் நின்று பார்ப்பது யார்?

கட்டடப் பணி நடக்கும்போது தொல்லியலாளர் உடன் நின்று கண்காணிப்பது என்ற நடைமுறை உலகில் பல இடங்களில் இருக்கிறது. இங்கிலாந்தில் 1990இல் வந்த திட்டமிடல் வழிகாட்டுதலுக்குப் பிறகு அது அன்றாட வேலையாகவே ஆகிவிட்டது. பழமையான கிராமம் ஒன்றில் ஒருவர் தன் வீட்டை ஓர் அறை நீட்டிக் கட்ட அனுமதி கேட்டால், அஸ்திவாரம் தோண்டும்போது தொல்லியலாளர் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி கொடுக்கலாம். செலவு கட்டுகிறவருடையது. மண் அள்ளும் இயந்திரத்துக்குப் பல் இல்லாத தட்டை வாளியை மாட்டச் சொல்லி, மெல்லிய மெல்லிய அடுக்காக மண்ணை வழிக்கச் சொல்வார்கள். நிறம் மாறினால் நிறுத்தச் சொல்லி, வரைந்து, படம் எடுத்து, ஆழம் குறித்துக்கொண்டு, பிறகு வேலையைத் தொடர விடுவார்கள். பெரும்பாலான இடங்களில் பெரிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. ஆனால் ‘இங்கே ஒன்றும் இல்லை’ என்பதையும் அறிக்கையாக எழுதி மாவட்டப் பதிவகத்தில் சேர்த்துவிடுகிறார்கள். அடுத்த வீட்டுக்காரர் தோண்டும்போது அந்தப் பதிவு உதவும். இப்படிச் சேர்ந்த நூறு சின்னக் குழிகள் ஒரு கிராமத்தின் வரலாற்றையே மாற்றி எழுதிவிடும்.

அந்த நாட்டிலும் ஏழையின் வீட்டைப் பார்க்கத் தொடங்கியது தாமதமாகத்தான். கோட்டையும் மடாலயமும் தேவாலயமும்தான் தொல்லியல் என்று நீண்ட காலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். யார்க்ஷயரில் கைவிடப்பட்ட வாரம் பெர்சி என்ற கிராமத்தில் மாரிஸ் பெரெஸ்ஃபோர்டும் ஜான் ஹர்ஸ்ட்டும் 1950 முதல் 1990 வரை நாற்பது கோடைகாலம் தோண்டினார்கள். தேடியது பண்ணை ஆட்களின் வீட்டை. சின்னச் சின்னக் குழியாகத் தோண்டினால் அந்த வீடுகள் கண்ணுக்குப் படாது, பரப்பாகத் திறந்து மண்ணின் நிறத்தைப் பார்த்தால்தான் தெரியும் என்பதை அவர்கள் அங்கே கற்றுக்கொண்டார்கள். செங்கல் சுவர் ஜேசிபி ஓட்டுநருக்கே தெரிந்துவிடும், வாளி முட்டும். சாணம் மெழுகிய தரையும், கூரைக்கம்பு நட்ட குழியும் யாராவது குனிந்து பார்த்தால்தான் தெரியும். ஆகவே கண்காணிப்பு இல்லாத இடத்தில் முதலில் அழிவது மண்வீட்டின் வரலாறு.

இங்கே நிலைமை என்ன? பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லைக்கு வெளியே வீடு கட்டுகிறவர் தொல்லியலாளரை உடன் வைத்துக்கொண்டு தோண்ட வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் நம்மிடம் இல்லை. மத்தியில் 1958ஆம் ஆண்டுச் சட்டமும் தமிழ்நாட்டில் 1966ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கின்றன. இரண்டுமே முதலில் ஓர் இடத்தை ‘முக்கியமானது’ என்று அறிவித்து, பிறகு அதைப் பாதுகாக்கின்றன. அறிவிக்கப்படாத நிலத்தில் என்ன கிடைக்கிறது என்பது தற்செயலைப் பொறுத்தது. யார் பக்கத்தில் நின்றார்கள் என்பதைப் பொறுத்தது.

தற்செயலுக்கு இரண்டு உதாரணம். 2006இல் மயிலாடுதுறை அருகே செம்பியன்கண்டியூரில் ஒருவர் தன் வீட்டுத் தோட்டத்தில் குழி தோண்டியபோது வழவழப்பான கற்கோடரிகள் இரண்டு கிடைத்தன. ஒன்றில் நான்கு குறியீடுகள் இருந்தன. அவற்றைச் சிந்துவெளிக் குறியீடுகள் என்று ஐராவதம் மகாதேவன் வாசித்தார், உலகம் முழுக்க விவாதம் நடந்தது. அது விவாதம் வரைக்கும் போனதற்குக் காரணம், தோண்டியவர் ஒரு பள்ளி ஆசிரியர், தொல்லியலில் ஆர்வமுள்ளவர். இரண்டாவது கீழடி. 1970களில் அங்கே கிணறு வெட்டியபோது வந்த பொருட்களைப் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் வரலாற்று ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டினார்கள். அவர் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். அகழாய்வு தொடங்க நாற்பது ஆண்டுகளானது, 2015இல்தான் தொடங்கியது. இன்று கி.மு. 6ஆம் நூற்றாண்டு என்று நாம் பெருமையோடு சொல்கிறோம். தொடக்கம் ஒரு கிணற்று மண்.

கீழடியில் எல்லோருக்கும் பெருமை இருக்கட்டும். ஆனால் ‘அங்கே சாதி அடையாளம் இல்லை’ என்று மேடையில் சொல்லிவிட்டு இறங்குகிறவர்கள், சாதி அடையாளம் இருக்கிற காலத்து மண்ணைத் தோண்ட எப்போதாவது கேட்டிருக்கிறார்களா? இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு முந்தைய சமத்துவத்தைக் கொண்டாடுவது எளிது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய சேரியைத் திறப்பது அவ்வளவு எளிதல்ல.

ஆயிரம் ஆண்டு என்று வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் ராஜராஜன் (985–1014) வெட்டிவைத்த கல்வெட்டுகளில், கோயிலுக்குக் கொடுத்த ஊர்களின் கணக்கு இருக்கிறது. ஊரின் மொத்த நிலத்தைச் சொல்லி, அதில் வரி வராத நிலத்தைக் கழிக்கிறார்கள். கழிக்கும் பட்டியலில் ஊர்நத்தம் வருகிறது, கோயில் வருகிறது, குளம் வருகிறது, வாய்க்கால் வருகிறது. அதோடு பறைச்சேரி, கம்மாணச்சேரி, சுடுகாடு. சில ஊர்களில் தீண்டாச்சேரி என்ற சொல்லே வருகிறது. சுடுகாடு கூடச் சில இடங்களில் தனித்தனி. ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபுரு கராஷிமா இந்தக் கல்வெட்டுகளைத் துருவிப் படித்து, சோழர் காலக் கிராமத்தில் தீண்டாமை இருந்ததற்கான சான்றாக இவற்றை முன்வைத்தார். வரிக்கணக்கு எழுதியவனுக்கு நம் மீது அக்கறை ஒன்றும் கிடையாது. வரி வராத நிலத்தைக் கழிக்க வேண்டியிருந்தது, அதனால் நாம் கல்லில் ஏறினோம்.

சொல்லில் கவனமாக இருக்க வேண்டும். சேரி என்ற சொல் எல்லாக் காலத்திலும் நம் குடியிருப்பை மட்டும் குறித்ததில்லை. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921), பிராமண சபைக்குக் குடவோலை முறையில் ஆளெடுத்த விதத்தைச் சொல்கின்றன. முப்பது குடும்பும் பன்னிரண்டு சேரியும் அங்கே வருகின்றன. அந்தச் சேரிகள் பிராமணர் குடியிருந்த பகுதிகள். பொதுவாகக் குடியிருப்புப் பகுதியைக் குறித்த ஒரு சொல் எப்போது, எப்படி ஒதுக்கப்பட்டவர் குடியிருப்பாக மட்டும் சுருங்கியது என்பதே ஒரு பெரிய வரலாறு.

கல்வெட்டு நமக்குக் கொடுப்பது பெயரும் நிலஅளவும்தான். அந்தச் சேரியில் எத்தனை வீடு இருந்தது, ஊரிலிருந்து எத்தனை கோல் தள்ளி இருந்தது, என்ன சாப்பிட்டார்கள், எந்தப் பானையில் சமைத்தார்கள், பக்கத்தில் இருந்த கம்மாணச்சேரியோடு என்ன உறவு? கல் பேசாது. கோயில் சுவரில் எழுத நமக்கு உரிமை இருந்ததில்லை. செப்பேடு நமக்கு யாரும் கொடுத்ததில்லை. அந்தக் காலத்துச் சேரி தன் கையால் விட்டுச்சென்ற ஒரே ஆவணம் மண்ணில் இருக்கிறது. உடைந்த பானை, அடுப்புச் சாம்பல், எலும்பு, நெல் உமி, இரும்புக் கசடு.

இன்றைய காலனி கல்வெட்டில் வரும் அதே சேரிதானா என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. சேரி இருந்த இடத்திலேயே இருந்தது என்று நாமாகச் சொல்லிவிட முடியாது. குடியிருந்த மனைகூட நம்முடையதாக இருந்ததில்லை. செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பில் இருந்த ட்ரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை, மிராசுதாரர்கள் சேரிமனை மீது வைத்திருந்த பிடியைத் தெளிவாகச் சொல்கிறது. எதிர்த்துப் பேசினால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். 1892இல் பஞ்சமி நில ஆணை வந்ததற்குப் பின்னால் அந்த அறிக்கை இருக்கிறது. ஆகவே சேரிகள் நகர்த்தப்பட்டிருக்கலாம், துரத்தப்பட்டிருக்கலாம். எங்கே இருந்தது, எப்போது நகர்ந்தது என்பதற்கு மண்தான் பதில் சொல்லும். காலனியில் ஐந்தடி தோண்டி நூறு ஆண்டுப் பானைக்குக் கீழே கன்னிமண் வந்துவிட்டால், அதுவும் ஒரு வரலாறுதான். இங்கே வருவதற்கு முன்பு நாம் எங்கே இருந்தோம் என்ற அடுத்த கேள்வி அங்கிருந்து பிறக்கும்.

புரட்சியாளர் அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட தீண்டப்படாதோர் பற்றிய நூலில், தோற்றுச் சிதறிய பழங்குடி மனிதர்கள் ஊர்களுக்கு வெளியே காவலாளாகக் குடியமர்த்தப்பட்டதையும், கி.பி. 400 வாக்கில் தீண்டாமை தோன்றியதையும் தன் கருதுகோளாக வைத்தார். நேரடிச் சான்று இல்லாத இடத்தில் ஆய்வாளர் என்ன செய்ய முடியும் என்று முன்னுரையிலேயே வாதிட்டார். அவர் கையில் இருந்தது நூல்கள் மட்டுமே, அதிலும் நமக்கு எதிராக எழுதப்பட்ட நூல்கள். எழுபத்தைந்து ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஊருக்கு வெளியே ஒரு தனிக் குடியிருப்பு எந்த நூற்றாண்டில் தொடங்குகிறது என்பதை ஒரே ஒரு தமிழ்க் கிராமத்திலாவது மண்ணை வைத்துச் சோதித்திருக்க வேண்டாமா? ஊர்நத்தத்தில் ஒரு குழி, சேரியில் ஒரு குழி, இரண்டிலும் கிடைக்கும் பானைகளை ஒப்பிட்டாலே பேச ஆரம்பிக்கலாம். அதற்குத் தனி அகழாய்வு நிதிகூட வேண்டாம். கழிப்பறைக் குழிகள் ஏற்கெனவே இரண்டு பக்கமும் தோண்டப்பட்டுக்கொண்டுதான் இருக்கின்றன.

இன்னொன்றும் மண்ணில் இருக்கும். எரிந்த மண். கூரை எரிந்தால் சாம்பல் அடுக்கு படியும், மண்சுவர் வெந்து செங்கல் நிறமாகும், தரை கறுக்கும். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டதை நாம் அறிவோம். அதற்கு எழுத்து இருந்தது, நீதிமன்றம் இருந்தது, செய்தித்தாள் இருந்தது. எழுதி வைக்க ஆளில்லாத நூற்றாண்டுகளில் எத்தனை சேரிகள் எரிந்தன? சமையல் தீ எது, கொளுத்திய தீ எது என்று மண்ணைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரு தெருவில் பத்துக் குழியிலும் ஒரே ஆழத்தில் சாம்பல் அடுக்கு வந்தால், அதைக் குறித்துவைக்க வேண்டும். பத்துக் குழியையும் பத்து வெவ்வேறு நாளில் வெவ்வேறு கொத்தனார் தோண்டுவார். சேர்த்துப் பார்க்க ஒரு ஆள் இல்லையென்றால் அது பத்துக் கரி பிடித்த குழி, அவ்வளவுதான்.

இதே கதை வேறொரு மக்களுக்கு நடந்திருக்கிறது. 1991இல் நியூயார்க்கில் மன்ஹாட்டனின் தென்பகுதியில் ஒரு மத்திய அரசு அலுவலகக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டினார்கள். அது நாம் பேசுவதைப் போலச் சின்ன வேலையல்ல, பெரிய கட்டடம். அந்த இடம் ‘நீக்ரோக்கள் புதைகாடு’ என்று 18ஆம் நூற்றாண்டு வரைபடத்திலேயே குறிக்கப்பட்டிருந்தது. நகர எல்லைக்கு வெளியே தள்ளப்பட்ட இடம். 1697இல் டிரினிட்டி தேவாலயம் தன் கல்லறைத் தோட்டத்தில் கறுப்பின மக்களைப் புதைக்க இடமில்லை என்று தடுத்திருந்தது. மேலே எழும்பிய கட்டடங்களின் அடித்தளம் எல்லாவற்றையும் எப்போதோ அழித்திருக்கும் என்று பொறுப்பானவர்கள் எண்ணிக்கொண்டார்கள். தோண்டியபோது நானூறுக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் வந்தன. கட்டடம் காத்திருக்கிறது என்று எலும்புகளை அவசரமாக எடுக்கத் தொடங்கியதும் கறுப்பின மக்கள் தெருவுக்கு வந்தார்கள். எங்கள் முன்னோரை யார் தொடுவது, யார் ஆராய்வது, என்ன கேள்வி கேட்டு ஆராய்வது என்று கேட்டார்கள். ஆய்வு கறுப்பினத்தவருக்கான ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்கு மாறியது, மைக்கேல் பிளேக்கி தலைமை ஏற்றார். குழந்தைகளின் எலும்பில் ஊட்டக்குறைவும், பெரியவர்களின் எலும்பில் தாங்க முடியாத சுமையும் எழுதியிருந்தன. வடக்கு மாநிலங்களில் அடிமைமுறை அவ்வளவு கொடூரமாக இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் வாயடைத்தார்கள். 2003இல் எல்லோரையும் அதே மண்ணில் மரியாதையோடு திரும்ப அடக்கம் செய்தார்கள். 2006இல் அது தேசிய நினைவிடமானது.

வரைபடத்தில் பெயர் இருந்தும் யாரும் பார்க்காத புதைகாடு. கல்வெட்டில் பெயர் இருந்தும் யாரும் தேடாத பறைச்சேரி. தோழர்கள் இதை இணைத்துப் பார்க்க வேண்டும்.

இங்கே ஓர் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். தொல்லியல் என்ற பெயர் நம் தெருவுக்குள் வரும்போது, பல நேரம் அது வீட்டைத் தடுக்கத்தான் வருகிறது. 2010இல் திருத்தப்பட்ட மத்தியச் சட்டப்படி, மத்திய அரசு பாதுகாக்கும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கு மேல் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. முதல் வட்டத்தில் புதுக் கட்டடம் கூடாது. ஏற்கெனவே இருக்கும் வீட்டைப் பழுது பார்க்கவும் அனுமதி வாங்க வேண்டும். இரண்டாவது வட்டத்தில் கட்டவே அனுமதி வாங்க வேண்டும். மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். அனுமதி வாங்கும் வித்தை தெரிந்தவர் யார், தெரியாதவர் யார் என்பது நமக்குத் தெரியும். கோயில் நிழலில் இருக்கும் அக்ரகாரம் ‘பாரம்பரியம்’, அதே வட்டத்துக்குள் இருக்கும் காலனி ‘ஆக்கிரமிப்பு’ என்று ஆகிவிடக் கூடாது.

ஆனால் அதே சட்டத்தைக் கடைசிவரை படித்தவர்கள் குறைவு. ‘கட்டுமானம்’ என்பதற்குச் சட்டம் தரும் விளக்கத்திலேயே விதிவிலக்கு இருக்கிறது. வடிகால், பொதுக் கழிப்பறை, பொதுமக்களுக்கான குடிநீர் வழங்கல், மின்சார வழங்கல் ஆகியவற்றுக்கான பணிகள் அந்தச் சட்டத்தின் பார்வையில் ‘கட்டுமானம்’ அல்ல. ஆகவே ‘பக்கத்தில் பழைய கோயில் இருக்கிறது, தொல்லியல் துறை விடாது’ என்று சொல்லி யாராவது உங்கள் தெருவுக்குக் குழாயையோ சாக்கடையையோ மறுத்தால், எந்தப் பிரிவின்படி என்று எழுத்தில் கேளுங்கள். பிரிவு 2(டிசி) என்று நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

கண்காணிப்பு வேண்டும் என்று நாம் கேட்பதும், தடை வேண்டாம் என்று நாம் கேட்பதும் முரண் அல்ல. உடன் நின்று பார்ப்பதற்கு வேலையை நிறுத்தத் தேவையில்லை. அரைநாள் தாமதம் ஆகலாம். அந்த அரைநாள் கூலியை வீட்டுப் பயனாளி தலையில் கட்டக் கூடாது, திட்டச் செலவில் சேர்க்க வேண்டும். இங்கிலாந்தில் கட்டுகிறவர் செலவு என்பதை 3.5 லட்சத்தில் வீடு கட்டுகிற நம் அம்மாக்களிடம் கொண்டுவந்து வைத்தால் அது அநியாயம்.

இன்னொரு பயமும் இருக்கிறது. எதையாவது கண்டெடுத்தேன் என்று சொன்னால் போலீஸ் வரும், திருட்டுப்பட்டம் வரும். அதனால் கூலிக்குத் தோண்டுகிறவர் பேசாமல் மூடிவிடுவார், அல்லது மேஸ்திரி வாங்கி வைத்துக்கொள்வார். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மண்ணில் கண்டெடுத்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், மறைத்தால் ஓராண்டு வரை சிறை. இந்தப் பகுதியை எல்லோரும் சொல்லிப் பயமுறுத்துவார்கள். சொல்லாமல் விடுவது இது: பொருளுக்கு உரிமையாளர் யாரும் இல்லை என்று முடிவானால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கு, நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு. அரசே எடுத்துக்கொண்டாலும் அதற்கு விலை கொடுத்தாக வேண்டும். நிலத்துக்காரரை விடக் கண்டெடுத்தவருக்கு மூன்று மடங்கு என்று வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் எழுதியிருப்பதை நம் ஆட்களிடம் எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம்? பெயர், தேதி, இடம் எழுதி ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புதல் ரசீது வாங்கிவிட்டால், கண்டெடுத்தவர் யார் என்பதற்குச் சான்று கையில் இருக்கும்.

இனி வேலை. மாணவர்கள் இதற்குத் தொல்லியல் பட்டம் வாங்கிவிட்டு வரத் தேவையில்லை. தெருவில் எந்த வீட்டில் என்றைக்குத் தோண்டுகிறார்கள் என்று தெரிந்துகொண்டு அங்கே போய் நிற்பதுதான் பாதி வேலை. தோண்டுகிறவரிடம் பேசுங்கள். மண்ணின் நிறமும் இறுக்கமும் எங்கே மாறுகிறது என்பது அவர் கைக்கு நம் கண்ணைவிட முன்பே தெரியும். தரைமட்டத்திலிருந்து ஆழத்தை டேப்பால் அளந்து எழுதுங்கள். குழியின் நான்கு சுவர்களையும் வெயில் நேராக விழாத நேரத்தில் படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு அளவுகோல் வையுங்கள். பானை ஓட்டை ஆழவாரியாகத் தனித்தனிப் பையில் போட்டு, வீட்டு எண்ணும் ஆழமும் தேதியும் எழுதிய சீட்டை உள்ளே வையுங்கள். எல்லா ஓட்டையும் ஒரே சாக்கில் கொட்டிவிட்டால் அது குப்பைதான். உள்ளே கறுப்பு, வெளியே பாதி சிவப்பு என்று இருக்கும் ஓடு, கீறல் குறியீடு உள்ள ஓடு, இரும்புக் கசடு, சங்கு வளையல் துண்டு, மணி, சுடுமண் உறைகிணற்றின் வளையம் இவற்றைக் கண்டால் அங்கேயே நிறுத்தி, மாவட்டத் தொல்லியல் அலுவலருக்குச் சொல்லுங்கள். முதுமக்கள் தாழி தெரிந்தால் கையை விட்டு எடுக்காதீர்கள், அதற்குள் தங்கம் இருக்கும் என்று உடைப்பவர்களைத் தடுங்கள். அது ஒருவரை அடக்கம் செய்த இடம். ஆழக் குழிக்குள் இறங்காதீர்கள், ஓரம் சரியும். பழைய மலக்குழிக்குள் எட்டிப் பார்க்கிற வேலை எந்த ஆராய்ச்சிக்காகவும் நமக்கு வேண்டாம். அந்த வேலையிலிருந்து விடுபடத்தான் 2013 சட்டம் வரை போராடினோம்.

வீட்டுக்காரர் சம்மதம் இல்லாமல் எதையும் செய்யாதீர்கள். கிடைப்பது பெரிதாக இருந்தால் அதோடு வெளிவரும் முதல் பெயர் அந்த வீட்டம்மாவுடையதாகவும் தோண்டியவருடையதாகவும் இருக்கட்டும்.

ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்ததில் வைக்க ஒரு தீர்மான வாசகத்தை எழுதிப் பார்த்திருக்கிறோம். உங்கள் ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்:

“இந்த ஊராட்சியில் அரசுத் திட்டங்களின் கீழ் வீடு, கழிப்பறை, குடிநீர்க் குழாய், வடிகால் ஆகியவற்றுக்காக மண் தோண்டும் தேதியும் இடமும் ஒரு வாரம் முன்பே ஊராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். ஊர், காலனி வேறுபாடின்றி எல்லாத் தெருக்களிலும் தோண்டும்போது உடனிருந்து பதிவு செய்ய, காலனி இளைஞர்களையும் உள்ளடக்கிய குழு ஒன்றை இச்சபை அமைக்கிறது. குழுவுக்குப் பயிற்சி அளிக்குமாறும், பதிவுகளைப் பெற்றுக்கொண்டு பாதுகாக்குமாறும் மாநிலத் தொல்லியல் துறையைக் கேட்டுக்கொள்கிறது. பதிவுக்கான செலவையோ, அதனால் ஏற்படும் தாமதத்தின் செலவையோ பயனாளியிடம் வசூலிக்கக் கூடாது. இதைக் காரணம் காட்டி எந்த வீட்டையும், கழிப்பறையையும், குடிநீர் இணைப்பையும் மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது.”